ரொட்டிக்காரன்தான் திருடன்

காலையில் பத்ரின் வயிறு சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் அது பானை மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

கதவைத் திறந்த நுஹைலா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இது?"

"மேளம்," என்றான் பத்ர், மெல்லிய குரலில். "திஸிரி வீட்டு வாசலைத் தாண்டித்தானே வரணும். அதான் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சேன்."

"கையில புடிச்சுக்கிட்டு அடிக்காம வந்தா போதாதா?"

பத்ர் கொஞ்சம் யோசித்தான்.

"ஆமால்ல," என்றான்.

மறுநாள் ஆஷூரா பண்டிகை. சலே நகரத்தின் பழைய தெருக்களில் எல்லாப் பிள்ளைகளும் கையில் புது மேளத்தோடு திரிந்தார்கள். மண்ணால் செய்து ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய சின்ன மேளம். தெரு முழுக்கச் சத்தம். ஆனால் நீலக் கதவு வந்ததும் எல்லோரும் அடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டிய பிறகுதான் மறுபடி தொடங்குவார்கள்.

அந்த நீலக் கதவு நுஹைலாவின் கூட்டாளி திஸிரியின் வீடு. ஐந்து மாதங்களுக்கு முன், குளிர்காலத்தில், அவளைப் பெற்ற உம்மா இறந்துபோனார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் ஆஷூரா கிடையாது. மேளம் வாங்க மாட்டார்கள். உலர்ந்த அத்தியும் வாதுமையும் வாங்க மாட்டார்கள்.

நுஹைலாவும் பத்ரும் அத்தியும் வாதுமையும் நிறைந்த ஒரு கிண்ணத்தோடு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். நுஹைலாவின் மாடிக்கும் திஸிரியின் மாடிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். நுஹைலாவின் தலைக்குக் கொஞ்சம் மேலே வரும்.

ஒவ்வொரு ஆஷூராவுக்கும் முந்தின நாள் திஸிரியும் சேர்ந்து மூன்று பேரும் இந்த மாடியில்தான் கூடுவார்கள். அந்த வருஷம் தனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு பொருளை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். அடுத்த ஆஷூரா வரை அதை மற்றவர்களில் ஒருவருக்குக் கடன் கொடுக்க வேண்டும். பழையது, வேண்டாதது என்று எதையும் கொண்டுவரக் கூடாது. கொடுக்கும்போது கொஞ்சம் வயிறு எரிய வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் திஸிரி.

இந்த வருஷம் இரண்டே பேர்.

"நீ முதல்ல எடு," என்றாள் நுஹைலா.

பத்ர் பையிலிருந்து ஒரு நீளமான பின்னல் ஊசியை எடுத்து இரண்டு கைகளாலும் ஏந்திக் காட்டினான்.

"இதுவா?"

"சிரிக்காத. கால் உடைஞ்சு மூணு மாசம் மாவுக்கட்டோட கெடந்தேன்ல? உள்ள அரிக்கும். விரல் போகாது. இதை விட்டுத்தான் சொறிவேன். இது மட்டும் இல்லன்னா நான் செத்தே..."

சட்டென்று நிறுத்தினான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான். இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

இப்படித்தான் ஐந்து மாதமாக நடந்தது. சில சொற்களைச் சொல்லக் கூடாது. சிரிக்கக் கூடாது. பள்ளியில்கூட, திஸிரி வந்து உட்கார்ந்தால் பெஞ்சே அமைதியாகிவிடும்.

"உன்னோடத எடு," என்றான் பத்ர், மெதுவாக.

நுஹைலா ஒரு புத்தகத்தை எடுத்தாள். அட்டையின் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. ஒரு கோட்டை நகரத்தின் கதை அது. இரவில் நகர வாசலைப் பூட்டும் பெரிய சாவி ஒருநாள் காணாமல் போய்விடுகிறது. யார் எடுத்தார்கள் என்று கதை முழுக்கத் தேடுகிறார்கள்.

நுஹைலாவுக்குச் சத்தமாக வாசித்தால்தான் மனதில் ஏறும். போன இலையுதிர் காலத்தில் தினமும் பள்ளி விட்டு வந்ததும் இந்த மாடியில் உட்கார்ந்து, திக்கித் திக்கி, உரக்க வாசிப்பாள். பத்தாவது அத்தியாயம் வரை வந்திருந்தாள். அப்போதுதான் பக்கத்து வீட்டில் அது நடந்தது.

"துக்க வீடு. நாற்பது நாள் வாயைத் திறக்கக் கூடாது," என்றார் நுஹைலாவின் உம்மா.

நாற்பது நாள் போனது. ஆனால் 'இனி வாசிக்கலாம்' என்று யாரும் சொல்லவில்லை. மீதிக் கதையை அவள் உள்ளே உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்து முடித்தாள்.

"இது எனக்கா?" பத்ர் கை நீட்டினான்.

நுஹைலா கொடுக்கப் போனாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அவங்க ஏன் இன்னும் பேசல?"

"ஷ்ஷ்," என்றது இன்னொரு குரல்.

முதல் குரல் திஸிரியின் தம்பி அனீருடையது. அவனுக்கு நான்கு வயது. இரண்டாவது குரல் திஸிரியுடையது.

பத்ர் பயந்துபோனான். "கேட்டுடுச்சா? நான் சொன்னது கேட்டுடுச்சா? வா, கீழ போயிடலாம்."

நுஹைலா போகவில்லை. துணி துவைக்கும் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

திஸிரி சுவரில் முதுகைச் சாய்த்து, ஓர் ஆட்டுத்தோல் விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். அனீர் அவள் மடியில் இருந்தான்.

பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் சொற்கள் எல்லாம் நுஹைலாவுக்கு மறந்துபோயின. கேட்டுவிடுவதே நல்லது என்று தோன்றியது.

"திஸிரி, நாங்க சத்தம் போட்டா உனக்குக் கஷ்டமா இருக்கா?"

திஸிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் போடாம இருக்கீங்களே, அதுதான் கஷ்டமா இருக்கு."

நுஹைலா சுவரின் மேல் இன்னும் கொஞ்சம் எக்கினாள்.

"எங்க வாசல்ல வந்ததும் மேளம் நிக்குது. கடையில நான் போனா பேச்சு நிக்குது. நீயும் நிறுத்திட்ட."

"நான் என்ன நிறுத்தினேன்?"

"கதையை."

நுஹைலா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "நீ கேட்டியா?"

"நான் மட்டுமில்ல. உம்மாவுக்கு மூச்சு விட முடியாம இருந்துச்சுல்ல, அதனால வெயில்ல இங்கதான் படுத்திருப்பா. இந்தத் தோல் மேல. நீ பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம் ஆச்சுன்னா என்னைக் கூப்பிடுவா. 'ஓடி வா, உன் கூட்டாளி திக்க ஆரம்பிச்சுட்டா'ன்னு."

பத்ர் கீழே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நுஹைலா காலால் அவனை உதைத்தாள்.

"ஒரு தடவை நீ ரெண்டு பக்கத்தைத் தாண்டின," என்றாள் திஸிரி. "உம்மா கண்டுபிடிச்சுட்டா. 'ஏமாத்துறா பாரு, இப்பதான் படகுல ஏறினான், அதுக்குள்ள எப்படி இறங்கினான்?'னு ஒரே கோபம்."

நுஹைலாவின் காது சூடானது. அன்றைக்கு அவளுக்குப் பசி. உண்மைதான்.

"சாவியை யார் எடுத்திருப்பான்னு தினமும் சண்டை போடுவோம். நான் படகுக்காரன்னு சொல்வேன். உம்மா ஒத்துக்கவே மாட்டா. 'ரொட்டிக்காரன்தான் திருடன். அவன் சிரிப்பே சரியில்ல'ன்னு கடைசி வரைக்கும் சொன்னா." திஸிரி அனீரின் தலையைத் தடவினாள். "கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடுச்சு."

நுஹைலா தொட்டியிலிருந்து இறங்கினாள். பத்ரைப் பார்த்தாள்.

"உனக்கு இந்தப் புத்தகம் இல்ல."

"தெரியும்," என்றான் பத்ர். "போ."

அவனும் தொட்டியில் ஏறி, அத்தியும் வாதுமையும் இருந்த கிண்ணத்தைச் சுவருக்கு மேலாக நீட்டினான். பிறகு பின்னல் ஊசியையும் நீட்டினான்.

"இதை நீ வச்சுக்க. முதுகும் சொறியலாம்."

திஸிரி ஊசியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். ஆட்டுத்தோலை மடித்துச் சுவர் மேல் வைத்தாள்.

"இது என்னோடது. அடுத்த ஆஷூரா வரைக்கும்."

"வேண்டாம் திஸிரி. இது உங்க உம்மாவோட..."

"சட்டம் சட்டம்தான். தரை சுடும். இதுல உட்கார்ந்து வாசி. நீ உட்கார்ந்தாத்தான் அவசரப்படாம வாசிப்ப."

நுஹைலா சுவரை ஒட்டித் தோலை விரித்தாள். பத்தாவது அத்தியாயத்தை எடுத்தாள். வாயைத் திறந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது.

அவளுக்கு முடிவு தெரியும். சாவியை எடுத்தவன் ரொட்டிக்காரன் இல்லை. அது வாசல் காவல்காரன்.

திஸிரியின் உம்மா நினைத்தது தப்பு. இத்தனை நாள் காத்திருந்த பிள்ளையிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது? ஒரே ஒரு சொல்தான். 'காவல்காரன்' என்ற இடத்தில் 'ரொட்டிக்காரன்' என்று வாசித்துவிட்டால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

"ஆரம்பி," என்றது சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

நுஹைலா ஆரம்பித்தாள். முதலில் திக்கினாள். பிறகு பழக்கம் வந்தது. குரல் உயர்ந்தது. பத்தாவது அத்தியாயம் முடிந்தது. பதினொன்றில் ரொட்டிக்காரனைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் திஸிரி பெருமூச்சு விட்டாள்.

அப்போது பக்கத்து மாடிக் கதவு கிறீச்சிட்டது. கனமான செருப்புச் சத்தம். திஸிரியின் வாப்பா, ஜவாத் மாமா.

நுஹைலா நிறுத்தினாள். பத்ர், பழக்கத்தில், மேளத்தை மறுபடி சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

ஜவாத் மாமா ஐந்து மாதமாகத் தெருவில் யாரோடும் பேசுவதில்லை. ஸலாம் சொன்னால் பதில் சொல்வார், அவ்வளவுதான். அவர் கொடியிலிருந்து துணி எடுப்பது கேட்டது. ஒன்று. இரண்டு. பிறகு சத்தம் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அவர்.

நுஹைலா எழுந்து நின்றாள். "உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு..."

"தூரியா தினமும் ராத்திரி சாப்பிடும்போது எனக்கு இதைத்தான் சொல்வா. ரொட்டிக்காரனைக் கட்டி வச்சாங்க. அப்புறம்?"

தூரியா என்பது திஸிரியின் உம்மாவின் பெயர். அந்தத் தெருவில் ஐந்து மாதமாக யாரும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

நுஹைலா பக்கத்தைத் திருப்பினாள். அந்த வரி அங்கே இருந்தது. இரண்டு பக்கம் தாண்டியதையே கண்டுபிடித்தவர் திஸிரியின் உம்மா. அவரை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"சாவியை எடுத்தது நான்தான் என்றான் காவல்காரன்," என்று அவள் வாசித்தாள். "தாமதமாக வருகிறவர்களின் முகத்துக்கு நேரே இருபது வருஷம் கதவை மூடினேன். இனி என்னால் முடியாது. சாவியைக் கடலில் போட்டுவிட்டேன். ரொட்டிக்காரர் பாவம், அவரை விடுங்கள் என்றான்."

வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தெருவில் எங்கோ தூரத்தில் மேளம் அடித்தது.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்றுதான் நுஹைலா முதலில் நினைத்தாள். பத்ரும் அப்படித்தான் நினைத்தான்.

அது சிரிப்பு.

"ரொட்டிக்காரன் இல்லையா!" திஸிரி மூச்சு வாங்கினாள். "உம்மா இருந்திருந்தா இப்ப எப்படிக் கத்தியிருப்பா! புத்தகம் எழுதினவனுக்கே ஒண்ணும் தெரியலன்னு சொல்லியிருப்பா!"

"அவளுக்கு எல்லா ரொட்டிக்காரன் மேலயும் சந்தேகம்," என்றார் ஜவாத் மாமா. குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நம்ம தெருப் பொது அடுப்புல எல்லார் வீட்டு ரொட்டியையும் சுடுற அல்லால் இருக்காரே, பாவம், அவர் நம்ம ரொட்டியை மாத்திக் கொடுத்துடுவாராம். மாவுல மூணு விரலை வச்சு அழுத்தி அடையாளம் போட்டுத்தான் அனுப்புவா. வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்ப்பா."

"ஒரு தடவைகூட மாறினதில்ல," என்றாள் திஸிரி.

"அதுக்கும் அவ கணக்கு வேற. 'நான் அடையாளம் போட்டதாலதான் மாறல'ன்னுவா."

இப்போது இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே மாமா மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. நுஹைலா தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தின் எலி கடித்த மூலையை நீவினாள்.

"தம்பி," என்று கூப்பிட்டார் மாமா. "வயித்துல என்ன வச்சிருக்க?"

சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. பத்ர் மேளத்தை வெளியே எடுத்தான்.

"எங்க அனீர்கிட்ட கொடு. கொஞ்ச நேரம் அடிக்கட்டும். மெதுவா."

அனீர் மெதுவாக அடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆஷூரா. அன்று தெருவில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். பத்ர் வாளியோடு மூலையில் ஒளிந்திருந்தான். நுஹைலா ஏற்கெனவே நனைந்துபோய் அவன் பக்கத்தில் நின்றாள்.

நீலக் கதவு திறந்தது. திஸிரி தலையில் ஒரு மரப்பலகையோடு வெளியே வந்தாள். பலகை மேல் துணி மூடியிருந்தது. ஐந்து மாதமாக அவர்கள் வீட்டில் கடை ரொட்டிதான் சாப்பிட்டார்கள்.

பத்ர் வாளியோடு தயங்கி நின்றான். ஊற்றலாமா, கூடாதா?

"மாவு மேல ஒரு சொட்டு பட்டுச்சு, கொன்னுடுவேன்," என்றாள் திஸிரி. "அடுப்புல கொடுத்துட்டு வர்றேன். அப்புறம் பார்த்துக்கலாம்."

நுஹைலா துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு வட்ட ரொட்டிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் மூன்று விரல் தடம். சின்ன விரல்கள்.

"ரொட்டிக்காரன் நல்லவன்னுதான் முடிஞ்சுபோச்சே?" என்றாள் நுஹைலா.

"கதையில வர்றவன் நல்லவன்," என்று சொல்லிவிட்டுத் திஸிரி அடுப்பை நோக்கி நடந்தாள். "அல்லால் மாமாவைப் பத்தி இன்னும் முடிவு தெரியலையே."