கிணறு விழுந்த மெழுகுவர்த்தி

பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், ஜோலீன் ப்ரூடர் வீட்டின் முன்பக்கத்துக் கண்ணாடி அறை தீப்பிடித்தது.

உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பிரம்பு நாற்காலி, ஒரு திரைச்சீலை, பேத்தியின் கல்யாணத்துக்காக ஜோலீன் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுத்துணிப் போர்வை, இவ்வளவுதான் போனது. எதிர்வீட்டு நார்பர்ட் க்ளைன் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு பனியில் வழுக்கி ஓடிவந்து, அதிலிருந்த பொடியில் பாதியை நெருப்பின் மேலும், மீதியைத் தீயணைப்புப் படைத் தலைவர் டுவேனின் மேலும் அடித்தார். உதவி செய்வதில் அவர் எப்போதுமே தாராளம்.

புகை அடங்கியது. தலை முதல் கால் வரை வெள்ளையாக இருந்த டுவேன், ஒரு கண்ணாடி ஜாடியை வெளியே கொண்டுவந்தான். ஜாடியும் அவனைப் போலவே பொடி அப்பி வெள்ளையாக இருந்தது.

"இதோ, இதுதான் ஆளு. மெழுகுவர்த்தி. ஜன்னல் திட்டுல இருந்துச்சு. மேல காஞ்ச லாவெண்டர் பூ ஒட்டியிருக்காங்க. பூ பத்திக்கிச்சு, அதுலேருந்து திரைச்சீலை, அப்புறம் நாற்காலி. முடிஞ்சுது கதை."

"நான் அதை ஏத்தவே இல்லையே," என்றாள் ஜோலீன். அப்போதுதான் நூலகத்திலிருந்து திரும்பியிருந்தாள். புத்தகங்களைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். "செஞ்சு ரெண்டு வாரம் ஆகலை. அதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு மார்லிஸ் சொல்லியிருக்கா."

"திரி கருகியிருக்கே ஜோலீன். லைட்டரும் பக்கத்துலேயே கிடந்துச்சு."

"லைட்டரா? அது அடுப்புக்கிட்ட கொக்கியில தொங்குமே..."

"ஜன்னலைக்கூட ஒரு சாண் திறந்து வெச்சிருக்கீங்க. வெளியில இந்தக் குளிரு! உங்களுக்கு என்ன, வேர்த்துச்சா?"

டுவேன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஜோலீனின் கணவர் வெர்ன், வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவர், மண்வாரியோடு வந்து அவள் தோளில் கை போட்டார். அவரிடமிருந்து பெப்பர்மின்ட் மிட்டாய் வாசனை அடித்தது.

"விடு ஜோ. ஏத்திட்டு மறந்திருப்ப. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

ஜோலீன் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த புத்தகங்களைப் பார்த்தாள், அவற்றை எடுத்து வந்தது தான்தானா என்று சந்தேகப்படுகிறவளைப் போல.

நார்பர்ட் ஓய்வு பெறும்வரை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை விசாரித்தவர். எரிந்த வீட்டுக்குள் போய், அங்கே நிற்பவர்கள் சொல்வதில் எது பொய் என்று கண்டுபிடிப்பது தொழில். ஊரில் யாரும் அவரை விருந்துக்கு அழைக்காததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவருடைய ஜோக்குகள்.

பொய்யை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தன் மூளையே தன்னிடம் பொய் சொல்கிறதோ என்று ஒரு பெண் பயப்படுவதை அன்றுதான் பார்த்தார்.

*

மார்லிஸ் டோலஃப்சன் குளிர்காலம் முழுக்கத் தன் சமையலறையில் வாசனை மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொடுப்பாள். புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும். நார்பர்ட் அதில் சேர்ந்து இது இரண்டாவது குளிர்காலம், இன்னும் புதிதாகக் கற்பவராகவே இருந்தார். அவருக்கு மெழுகுவர்த்தி மேல் திடீரென்று ஆசை வந்ததற்கு மார்லிஸின் சிரிப்பு காரணம் என்பது மார்லிஸைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வேலை சுலபம் என்றுதான் சொல்வாள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம். அதில் சோயா மெழுகுத் துருவல். உருகியதும் இறக்கி, தெர்மாமீட்டர் பார்த்து, வாசனை எண்ணெயைத் தராசில் நிறுத்து ஊற்றி, பொறுமையாகக் கலக்க வேண்டும். திரி நடுவில் நிற்கத் துணி கிளிப் போட வேண்டும். ஊற்றி ஆறியதும் இரண்டு வாரம் தொடாமல் வைத்தால்தான் வாசனை மெழுகுக்குள் இறங்கும்.

"முதல் தடவை ஏத்தும்போது, விளிம்பு வரைக்கும் உருகி வர்ற வரைக்கும் அணைக்கக் கூடாது," என்பாள் ஒவ்வொரு வகுப்பிலும். "சீக்கிரம் அணைச்சீங்கன்னா நடுவுல மட்டும் பள்ளம் விழும். அப்புறம் எப்ப ஏத்தினாலும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிட்டுப் போகும். மெழுகு அதோட முதல் நாளை மறக்காது."

ஒருமுறை நார்பர்ட் தன் மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து காட்டினார். ஓரமெல்லாம் மெழுகு அப்படியே நிற்க, நடுவில் மட்டும் விரல் பருமனுக்கு ஆழமான குழி.

"இது மெழுகுவர்த்தி இல்லை நார்பர்ட், கிணறு. எங்க வெச்சு ஏத்துறீங்க?"

"ஹால்ல."

"பொய் சொல்றார்," என்றாள் ஜோலீன். "பாத்ரூம்ல! போகும்போது ஏத்துறார், வரும்போது அணைக்கிறார்!"

அன்று எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் ஜோலீன்தான். வகுப்பில் முதல் மாணவியும் அவள்தான். ஜாடி ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டுவாள். பேச்சு கேட்காத மாணவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீ விபத்துக்குப் பிறகு மார்லிஸ் வகுப்பை நிறுத்தினாள்.

"பூ ஒட்டலாம்னு சொன்னது நான்தானே," என்றாள் நார்பர்ட்டிடம். "அழகா இருக்கும்னு நெனச்சேன். விளிம்போரமா ஒட்டினா ஒண்ணும் ஆகாதுன்னேன். ஆயிடுச்சு."

எதிர்வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஜோலீன் கார் சாவியை வெர்னிடம் கொடுத்துவிட்டாள். அடுப்புக்கு மேல் 'அணைத்தாயா?' என்று சீட்டு எழுதி ஒட்டினாள். ஞாபகசக்திப் பரிசோதனைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. அரிசோனாவில் இருக்கும் மகள், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லித் தினமும் போன் செய்தாள்.

நார்பர்ட் சமைத்துக் கொடுத்திருந்த டூனா மீன் பதார்த்தத்தின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது ஜோலீன் கதவருகிலேயே நின்றாள்.

"நார்பர்ட், நீங்க பொய் கண்டுபிடிக்கிறவர். அந்த மெழுகுவர்த்தியை நான் ஏத்தலைன்னு என் மண்டை சொல்லுது. அது பொய்யான்னு பார்த்துச் சொல்லுங்க. பொய்யின்னா, நான் அரிசோனா போறேன். தகராறு பண்ண மாட்டேன்."

*

டுவேனிடம் ஆரம்பித்தார்.

"நாற்காலி எப்படி எரிஞ்சிருந்துச்சு?"

"உட்கார்ற மெத்தையில ஓட்டை. பிரம்பு வரைக்கும் உள்ள இறங்கியிருந்துச்சு."

"திரைச்சீலை?"

"கீழ்ப்பாதி இல்லை. மேல்பாதி கருகல்."

"திரைச்சீலையிலேருந்து நாற்காலிக்கு வந்த நெருப்பு, மெத்தையைத் துளைச்சுக்கிட்டு உள்ள இறங்குமா?"

டுவேன் யோசித்தான். "ஏன் நார்பர்ட், ரிட்டயர் ஆனா எல்லாரும் மீன் பிடிப்பாங்க. உங்களுக்கு அது பிடிக்காதா?"

"ஜாடி எங்க?"

"மார்லிஸ்கிட்ட. அவதான் கேட்டு வாங்கிட்டுப் போனா. பார்த்து அழறதுக்குன்னு நெனைக்கிறேன்."

மார்லிஸ் ஜாடியை மளிகைப் பையிலேயே வைத்திருந்தாள். அப்பியிருந்த பொடியை அதுவரை யாரும் துடைக்கவில்லை. நார்பர்ட் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தார். உள்ளே பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, மார்லிஸ் எதிரில் இருக்கிறாள் என்பதையும் மறந்து, ஜாடியை வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"என்ன?" என்றாள் மார்லிஸ்.

"ஒண்ணுமில்லை. ஒருத்தனைப் பார்க்கணும்."

வெர்ன் ஏரியில் இருந்தார். உறைந்த ஏரியின் மேல் அவருடைய தகரக் குடிசை, அதற்குள் பனியில் வெட்டிய ஓட்டை, அதில் தூண்டில். இருவரும் எதிரெதிரே வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வெர்னுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ஜோலீனுக்குத் துணையாக இருந்தவர் நார்பர்ட். வெர்ன் சிகரெட்டை விட்டு ஒரு வருடம் ஆனதை நவம்பரில் கொண்டாடியதும் நார்பர்ட் வீட்டில்தான்.

"என்ன வெர்ன், ஏதாவது சொல்லணுமா?"

"மீன் கடிக்கலை. வேற என்ன சொல்ல?"

"சில சமயம் ரொம்ப நேரம் காத்திருந்தா, தானாவே மேல வரும்னு சொல்வாங்க."

"யாரு சொன்னது? மீன் பிடிக்கத் தெரியாதவனா இருப்பான்." வெர்ன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "மிட்டாய் சாப்பிடு."

பெப்பர்மின்ட். நார்பர்ட் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் முடிச்சை அவிழ்த்த சந்தோஷம் இன்னும் தலைக்குள் மினுமினுத்துக்கொண்டிருந்தது. நாலு பேர் முன்னால் அவிழ்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அந்தக் கிழட்டுத் தலை ஆசைப்பட்டது.

*

செவ்வாய்க்கிழமை காலை, மார்லிஸின் சமையலறை. வெர்னும் ஜோலீனும் டாக்டரிடம் போகிற வழியில் வந்திருந்தார்கள். நார்பர்ட்தான் வரச் சொல்லியிருந்தார். டுவேன் ஏற்கெனவே காபியோடு உட்கார்ந்திருந்தான். மேஜை நடுவில் துடைத்த ஜாடி.

"டுவேன், பூ பத்திக்கிச்சுன்னு சொன்னே. பாரு."

டுவேன் எட்டிப் பார்த்தான். விளிம்பைச் சுற்றி லாவெண்டர் பூக்கள் வரிசையாக, ஒட்டிய கோலத்திலேயே இருந்தன. ஒன்றுகூடக் கருகியிருக்கவில்லை.

"அட!"

"நெருப்பு அந்தப் பக்கமே வரலை. மார்லிஸ், உங்க பூ மேல தப்பில்லை. இப்ப நடுவுல பாருங்க."

மார்லிஸ் ஜாடியை எடுத்துச் சாய்த்தாள். நடுவில் விரல் பருமனுக்கு ஒரு குழி, பாதி ஜாடி ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

"கிணறு," என்றாள்.

"கிணறுதான். ஒரு தடவை ஏத்திட்டு மறந்துட்டுப் போனா கிணறு விழாது. மறந்தா விளிம்பு வரைக்கும் உருகும். மறக்காம ஏத்தி, மறக்காம உடனே அணைச்சு, அதையே திரும்பத் திரும்பப் பல தடவை செஞ்சாத்தான் இப்படி ஆகும். எனக்கு நல்லாத் தெரியும், என் பாத்ரூம்ல ஒண்ணு இருக்கு."

இந்த முறையும் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நார்பர்ட்டுக்கு வேகம் பிடித்துவிட்டது.

"அப்ப இது மறதி இல்லை. யாரோ அந்த அறைக்கு அடிக்கடி போய், கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்திருக்காங்க. நான் எதுக்கு ஏத்துறேன்? வாசனையை மறைக்க. அந்த ஆளும் அதுக்குத்தான். பிப்ரவரில ஜன்னலை ஒரு சாண் திறந்ததும் அதுக்குத்தான். வாயில பெப்பர்மின்ட்டும் அதுக்குத்தான். மெத்தையைத் துளைச்சுக்கிட்டு நெருப்பு இறங்கினது, மேலேருந்து ஒரு துளி கங்கு விழுந்ததால. சிகரெட் கங்கு. என்னைத் தவிர, வகுப்புக்கு வந்த யாரும் இந்த ஜாடியை இப்படிப் பாழாக்க மாட்டாங்க. வகுப்புக்கு வராத ஒருத்தர்தான்..."

அங்கே நிறுத்தினார். ஜோலீனின் முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு மூணுதான், ஜோ," என்றார் மெதுவாக. "கிறிஸ்துமஸுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. நீ நூலகம் போற நேரம் பார்த்து. அன்னிக்கு சிகரெட்டை அணைச்சிட்டேன்னுதான் நெனச்சேன். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"நாளைக்குன்னு நெனச்சேன். தினமும் நாளைக்குன்னு நெனச்சேன்."

"இப்ப டாக்டர்கிட்ட போற வண்டியை யார் ஓட்டிட்டு வந்தது?"

வெர்ன் பைக்குள் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"அடுப்புக்கு மேல சீட்டு ஒட்டினேன் வெர்ன். நீ பக்கத்துல நின்னு டேப் வெட்டிக் குடுத்த."

டுவேன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். குற்றவாளியைச் சொன்ன பிறகு அறையில் வழக்கமாக ஒரு நிம்மதி வரும். நார்பர்ட் அதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

ஜோலீன் கையை நீட்டினாள். வெர்ன் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அதில் வைத்தார். அவள் எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து ஜாடியை எடுத்துக்கொண்டாள்.

"இதைச் சரி பண்ண முடியுமா, மார்லிஸ்?"

மார்லிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அலுமினியத் தாளை மேல சுத்து. நடுவுல மட்டும் ஓட்டை விடு. சூடு உள்ளேயே நின்னு, ஓரத்து மெழுகு கொஞ்சம் கொஞ்சமா உருகி வரும். பூவை எல்லாம் முதல்ல எடுத்துடு. நேரமாகும், பக்கத்துலேயே உட்காரணும். மட்டமாயிடும். ஆனா பழைய உயரம் வராது."

ஜோலீன் தலையசைத்தாள். கார் புறப்பட்ட சத்தம் கேட்டது.

வெர்னும் நார்பர்ட்டும் நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில் வெர்ன் நின்றார்.

"என்கிட்ட தனியாக் கேட்டிருக்கலாம்டா," என்றார் வெர்ன்.

"கேட்டேனே. ஏரியில."

"நீ மீனைப் பத்திக் கேட்ட."

நார்பர்ட் ஏரியில் பேசியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அவர் கேட்டது மீனைப் பற்றித்தான். சிநேகிதனாகப் போனவர் அங்கேயும் துப்பறிவாளராகவே உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை நார்பர்ட் வழக்கம்போல மேஜையில் சீட்டுக்கட்டை எடுத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை வெர்ன் ஆட வரும் நாள். எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலில் வெள்ளித் தாள் சுற்றிய ஜாடி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே ஜோலீன் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குப் பின்னால் ஒரு நிழல் வந்து நின்றது. உட்காரலாமா, கூடாதா என்று தயங்குகிற நிழல்.

யார் வீட்டு ஜன்னலையும் உற்றுப் பார்ப்பதே பிழைப்பாக இருந்த மனிதர் எழுந்து திரைச்சீலையை மூடினார்.

பிறகு பாத்ரூமுக்குப் போய்த் தன் கிணற்றை எடுத்து வந்தார். அலுமினியத் தாளைச் சுற்றி, நடுவில் ஓட்டை விட்டு ஏற்றினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, விளிம்பு உருகும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தார். சீட்டுக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. கதவையும் அவர் தாழிடவில்லை.