இடஞ்சுழிச் சுருட்டுகள்

"சுருட்டுக்குத் தலை எது, வால் எது?"

மிலாக்ரோஸ் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. ஹவானாவில், லியோன்சியோவின் சுருட்டுப் பட்டறைக்கு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பா எவாரிஸ்டோ அந்த நாளில் போலீஸ் இன்ஸ்பெக்டர். சுருட்டு சுற்றும் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த செலிதோனியோதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல அவளிடம் பேசினார்.

"கூரா இருக்கறதுதான் தலை, கண்ணு. மத்த இடமெல்லாம் யார் வேணா சுத்தலாம். தலையில மட்டும் கை நடுங்கக் கூடாது."

அடுத்த வருஷம் மிலாக்ரோஸ் காய்ச்சலில் படுத்தாள். வேலை முடிந்து கை கழுவியதும் செலிதோனியோ தினமும் வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்துகொள்வார். கழித்த இலையில் குட்டிக் குட்டியாகப் பொம்மை முறுக்கிக் கொடுப்பார். அந்த நேரத்தில்தான் எவாரிஸ்டோவும் அவர் மனைவியும் கொஞ்சம் கண்ணயர்வார்கள். குழந்தை பிழைக்கவில்லை. செலிதோனியோ அதைப் பற்றிப் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை.

எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. எவாரிஸ்டோ ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு, ரெமிஹியோவின் சவரக் கடையில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அம்பாரோ வந்தாள். லியோன்சியோவின் பட்டறையில் சுருட்டுகளை நிறம் பார்த்துத் தரம் பிரிப்பவள்.

"இன்ஸ்பெக்டர் ஐயா, செலிதோனியோ பெரியவரைத் திருடன்னு சொல்றாங்க."

எவாரிஸ்டோ கண்ணை மூடினார். "எனக்கு ஓய்வு கொடுத்தாச்சும்மா. என் முழங்காலுக்கும்தான்."

"அண்ணே, சும்மா கேளுங்க!" ரெமிஹியோ பாதிச் சவரத்தில் இருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்தான். "உக்காருங்க அக்கா. உங்க வீட்டுக்காரர் எவுலோஹியோ எப்பவும் உக்காந்த நாற்காலிதான் இது. மனுஷன் என் கத்தரிக்கோலை இடது கையில பிடுங்கி, தானே மீசையைத் திருத்திக்குவாரு. இடது கைக்காரன் மீசை கோணத்தான் போகும்னு சொன்னா சண்டைக்கு வருவாரு. நல்ல மனுஷன். சீக்கிரமே போய்ட்டாரு."

அம்பாரோ லேசாகச் சிரித்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

முதலாளி லியோன்சியோவின் மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம். விருந்தாளிகளுக்குக் கொடுக்க, பட்டறையில் பலர் சுற்றிய கூர்முனைச் சுருட்டுக் குவியலிலிருந்து முதலாளியே ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பெட்டி நிரப்பித் தேவதாரு அலமாரியில் வைத்தார். மறுநாள் திறந்தால் உள்ளே வேறு சுருட்டுகள். இடையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, தொழிலாளிகளுக்குப் படித்துக் காட்டவே வைத்திருக்கும் வாசகர் படித்த நாவலைக் கேட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். கூடத்தை விட்டு நடுவில் எழுந்து போனவர் என்று வாசகர் பார்த்தது செலிதோனியோவை மட்டும்தான். எங்கே போனாய் என்று கேட்டால் அவர் வாயைத் திறக்கவில்லை.

"கல்யாணத்துக்குள்ள ஒத்துக்கலேன்னா போலீசுக்குப் போவேன்றாரு முதலாளி. பெரியவரோட இடமும் போகும், பேரும் போகும் ஐயா."

"அவர் எடுக்கலேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்பாரோ தரையைப் பார்த்தாள். "தெரியும்."

எவாரிஸ்டோ பெருமூச்சோடு தொப்பியை எடுத்தார். போலீசில் இருந்த காலமெல்லாம் கெட்டவர்களைவிடப் பயந்தவர்களையே அதிகம் பார்த்தவர் அவர். இந்தப் பெண்ணின் பயம் அவளுக்காக அல்ல என்று தோன்றியது. ரெமிஹியோவும் சவரத் துண்டைத் தோளில் போட்டபடியே கூடக் கிளம்பிவிட்டான்.

பட்டறையில் லியோன்சியோ பெட்டியை மேசைமேல் தொப்பென்று வைத்தார். "பாருங்க! எவனோ வெளிக்கடைச் சரக்கைத் திணிச்சிருக்கான். நம்ம பட்டறையில இப்ப கூர்சுருட்டு எல்லாமே வலஞ்சுழி. இதோ, இலை இடப்பக்கமா சுத்தியிருக்கு. இந்தக் கண்றாவியை நான் சம்பந்திக்கு நீட்டணுமா?"

எவாரிஸ்டோ குனிந்தார். இடக்கோடியில் கரும்பழுப்பு, அடுத்தது ஒரு சாயல் வெளிறி, வலக்கோடிக்கு வரும்போது தேன்நிறம்.

"திருடன் ரசனைக்காரன் அண்ணே," என்று காதருகே கிசுகிசுத்தான் ரெமிஹியோ. "என் சீப்பைக்கூட நான் இப்படி அடுக்கினதில்லை."

எவாரிஸ்டோ ஒன்றை எடுத்து முகர்ந்தார். புதுப் புகையிலையின் காரம் இல்லை. பழைய மர அலமாரியைத் திறந்ததுபோல ஒரு சாந்தமான வாசனை. கூர் நுனியை விரல்களுக்கிடையே மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தார்.

செலிதோனியோ பட்டறையின் சமையல்கட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சின்னக் கிண்ணம்தான். இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் அடுப்பின்மேல் ஒரு சட்டி வெந்நீர்.

"எங்க போனீங்க பெரியவரே?"

"எங்கயோ போனேன் எவாரிஸ்டோ. கிழவனுக்குப் போக இடமா இல்ல?"

"முதலாளிகிட்ட சொல்லலாமே."

"திருடன்னு சொல்லட்டும். வேற எதுவும் சொல்லாம இருந்தாப் போதும்."

எவாரிஸ்டோ வெந்நீர்ச் சட்டியைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. சுவரில் தொங்கிய மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். உண்மை ஒருவனை விடுவிக்க வேண்டும். விடுவித்த கையோடு அவனை உடைத்துவிடவும் கூடாது. அதற்கு வழி காட்டு என்று களைத்த மனதோடு கேட்டுக்கொண்டார்.

பிறகு எல்லோரையும் தரம் பிரிக்கும் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி நின்றார். செலிதோனியோ வாசலோரம் முக்காலியில் உட்கார்ந்தார். அம்பாரோ தன் மேசை அருகில் நின்றாள். ரெமிஹியோ சவரத் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே மறந்திருந்தான்.

"முதலாளி, திருடுறவன் அவசரத்துல இருப்பான். வாரி எடுத்து வாரிப் போடுவான். இந்தப் பெட்டியைப் பாருங்க. கருப்புலேருந்து வெளுப்புக்கு, ஒரு சாயல்கூடத் தப்பல. அவசரத்துலயும் இப்படி வைக்கற கை இங்க ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. தரம் பிரிச்சுப் பழகின கை. அது நினைச்சாக்கூட மாத்தி வைக்க வராது."

முதலாளியின் பார்வை அம்பாரோ பக்கம் திரும்பியது.

"அடுத்து, இது கடைச் சரக்கு இல்ல. வருஷக்கணக்கா வீட்டுல பத்திரமா இருந்த சரக்கு. வாசனையே சொல்லுது. மூணாவது, இடஞ்சுழி. இந்தப் பட்டறையில இடது கையால கூர்சுருட்டு சுத்தினவர் ஒருத்தர்தான்."

"அடப்பாவமே!" ரெமிஹியோ தொடையில் அடித்துக்கொண்டான். "எவுலோஹியோ! என் கத்தரிக்கோல்!"

"அவர் கடைசியாச் சுத்தின பெட்டிங்க," என்றாள் அம்பாரோ தாழ்ந்த குரலில். "வீட்டுல மாதா படத்துக்குக் கீழ வச்சிருந்தேன். நான்தான் மாத்தினேன். எல்லாரும் கதையில மூழ்கியிருந்தப்போ, தரம் பிரிச்ச தட்டோட போற மாதிரி போய் வச்சேன். நான் தட்டோட போறதும் வர்றதும் யார் கண்ணுக்குத் தெரியுது?"

"ஏன்? என்கிட்ட என்ன பகை உனக்கு?"

அவள் வாய் திறக்குமுன் எவாரிஸ்டோ கையை உயர்த்தினார்.

"பகை இல்ல முதலாளி. நீங்க அழகு பார்த்துப் பொறுக்கினீங்க. கூர்சுருட்டுல அழகு மட்டும் போதாது. நுனி இறுகிட்டா புகை வராது. நீங்க எடுத்ததுல அப்படி இறுகினது நிறைய இருந்திருக்கும். சம்பந்தி கன்னம் ஒட்ட ஒட்ட இழுத்து, புகை வராம உங்களைப் பார்த்திருப்பாரு. நீங்க தப்பாப் பொறுக்கிட்டீங்கன்னு எல்லார் முன்னாலயும் சொல்ல இவளுக்கு மனசு வரல. தன்கிட்ட இருந்ததுலயே உயர்ந்ததை எடுத்து வச்சா. இதுல ஒண்ணைப் பத்த வச்சுப் பாருங்க."

லியோன்சியோ பற்றவைத்தார். முதல் புகை வெளியே வந்ததும் அவர் தோள் தளர்ந்தது.

"எவுலோஹியோவேதான்," என்றார். பிறகு, "இறுகினதைச் சுத்தினது யாரு?"

செலிதோனியோவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"நான் திருடனைத் தேடி வந்தேன். திருடன் இல்ல. அதோட என் வேலை முடிஞ்சது," என்றார் எவாரிஸ்டோ. "எனக்குக் கூலி உண்டு இல்லையா? பணம் வேண்டாம். நீங்க முதல்ல பொறுக்கி வச்ச சுருட்டுகளைக் கொடுத்துடுங்க."

"புகை வராததையா?" லியோன்சியோவுக்குச் சிரிப்பு வந்தது. "ஓய்வு வாங்கியும் புத்தி வரல உமக்கு. எடுத்துட்டுப் போங்க." பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலோரம் போனார். "பெரியவரே, மன்னிச்சுக்கோங்க. நாக்கு முந்திக்கிச்சு."

செலிதோனியோ மெதுவாக எழுந்தார். "விடுங்க முதலாளி. ஒண்ணு கேக்கறேன். இனிமே நேர்சுருட்டே சுத்தறேன். கூர்முனை இனி வேண்டாம் எனக்கு."

முதலாளி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "உங்க இஷ்டம். அதே பலகை, அதே இடம்," என்றார்.

அம்பாரோ தன் வீட்டில் எடுத்து வைத்திருந்த அந்தச் சுருட்டுகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். வழியில் ரெமிஹியோவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு மட்டும் புரியல. பெரியவர் எங்கதான் போனாரு?"

"உன் வாடிக்கையாளர் பாதி மீசையோட உக்காந்திருப்பாரு, ரெமிஹியோ."

"ஐயோ!" என்று துண்டைப் பறக்கவிட்டு ஓடினான் அவன்.

வீட்டில் மனைவி மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாள். எவாரிஸ்டோ அடுப்பங்கரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். எல்லாம் அழகான சுருட்டுகள். நுனியை அழுத்திப் பார்த்து, இறுகாதவற்றை ஒருபுறம் ஒதுக்கினார். மிச்சமெல்லாம் ஒரே கையின் முறுக்கு. அந்தக் கை இப்போது வேலை நடுவே எழுந்துபோய் வெந்நீரைத் தேடுகிறது. அதில் ஒன்றை வாயில் வைத்துப் பற்றவைத்தார். புகை வரவில்லை. இன்னொரு குச்சி கிழித்தார். கன்னம் வலிக்க இழுத்தார். விட மனம் வரவில்லை. அடிக்கடி அணைந்து, அடிக்கடி பற்றவைத்து, கடைசி வரை புகைத்தார்.

மீதியை அடுப்பில் போட்டார். ஒவ்வொன்றாக, கூர்முனை முதலில் நெருப்பில் படும்படி. எல்லாம் சாம்பலானதும், ஒருகாலத்தில் மிலாக்ரோஸின் கட்டில் கிடந்த மூலையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுப்பின் கதவைச் சாத்தினார்.