திரும்பி வந்த மாஸ்க்

பெட்டிக்குள் கையை விட்டதும் ஷர்மிளாவின் விரல்களில் ஈரம் பட்டது. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து, துறைமுகக் கிடங்கின் வெக்கையில் காய்ந்து, லாரியில் படப்பைக்கு வந்து சேர்ந்த பெட்டி அது. ஆனாலும் அதிலிருந்த விமானியின் ஆக்சிஜன் மாஸ்க், சற்று முன்புதான் யாரோ முகத்திலிருந்து கழற்றி வைத்ததுபோல், உட்புறம் மட்டும் வெதுவெதுவென்று நனைந்திருந்தது.

மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பட்டறையின் தகரக் கூரையில் மாலை மழை சடசடத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மழைக்குப் பயந்து முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். ரப்பர் பசையின் நெடியும், ஒரகடம் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் தரைக்குள் அனுப்பும் அதிர்வும்தான் அவளுக்குத் துணை.

பழையதைப் பறக்க வைப்பதுதான் அந்தப் பட்டறையின் பிழைப்பு. கடலுக்கு அப்பால் ஒரு சின்ன நாடு, தாத்தா காலத்துப் போர் விமானங்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தது. விமானத்தைச் செய்தவர்கள் தடை போட்டுவிட்டார்கள். ஒரு திருகாணிகூட விற்கமாட்டார்கள். அதனால் கிழிந்த ரப்பரும் தேய்ந்த வால்வும் சுற்றுவழியாக இங்கே வரும். ஒட்டித் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வது ஷர்மிளாவின் வேலை.

மாஸ்க்கைத் திருப்பினாள். தாடைப் பக்கம் பிறை போல ஓர் ஒட்டு. அவளே போட்டது.

போன கோடையில் இதே மாஸ்க் வந்தபோது, வால்வின் ரப்பர் இளகிப் போயிருக்கிறது, உள்ளே போகிற மூச்சுக்கு வழிவிடாமல் ஒட்டிக்கொள்ளும் என்று முதலாளி மெர்வினிடம் சொல்லியிருந்தாள். அவர் கோபப்படவில்லை.

"அவங்ககிட்ட வேற மாஸ்க் இல்ல ஷர்மிளா. நாம அனுப்பலைன்னா இதுவும் இல்லாமதான் மேல போவாங்க" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. 'பாஸ்' என்று முத்திரை குத்தினாள்.

இப்போது உள்விளிம்பு முழுவதும் பல் தடம். கடித்துக் கடித்து ரப்பர் பிய்ந்திருந்தது. ஒட்டு மட்டும் அசையவில்லை. அப்பாடா, ஒட்டு விடவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை உணர்ந்ததும் காது மடல் வரை சுட்டது. யாருமில்லாத இடத்தில் தலை குனிந்து நின்றாள்.

மெர்வினுக்குப் போன் போட்டாள். அவர் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டியிருந்தார். இதைப் போட்டிருந்தவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அது நமக்கெதுக்கு, கழுவி, விளிம்பைச் சீவி, இன்றைய வண்டியிலேயே ஏற்றிவிடு என்றார். புது வால்வு ஏதாவது என்று ஆரம்பித்தாள். மறுமுனையில் ஹாரன்கள் மட்டும் கேட்டன.

"சரி சார்" என்று வைத்தாள். அந்தச் 'சரி' வாயில் கசந்தது.

கழுவினாள். துடைத்தாள். மறுபடி நனைந்தது. விளிம்பைச் சீவினாள். சோதனை இயந்திரமும் பாகம் கிடைக்காமல் படுத்திருந்ததால், முகத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். வைத்தாள். ரப்பருக்குள் அவள் மூச்சு பெரிதாகக் கேட்டது. வால்வின் சத்தம் தனியாகக் கேட்கட்டும் என்று மூச்சை அடக்கினாள்.

மூச்சு நிற்கவில்லை.

உள்ளே. வெளியே. அவள் உதட்டுக்கு நேராக. சூடாக.

பிடுங்கி மேசைமேல் கவிழ்த்தாள். அங்கேயும் கேட்டது. இழுத்து இழுத்து. ஆழமில்லாமல். தவித்து.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். டிரைவர் அப்பாதுரை.

"மேடம், வண்டி ரெடியா கீது. பொட்டி இன்னா ஆச்சி?"

அவருக்குக் கேட்டுவிடும். உள்ளே வந்து இதைப் பார்ப்பார். பிறகு அவளைப் பார்ப்பார். மாஸ்க்கைவிட அந்தப் பார்வைக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

ஒரு கையால் காற்றுக் குழாயை மடக்கினாள். மறு உள்ளங்கையை வால்வின்மேல் அழுத்தினாள்.

உள்ளங்கைத் தோல் இழுபட்டது. கெஞ்சுவதுபோல. விட்டது. மறுபடி இழுத்தது. வேகமாக. இன்னும் வேகமாக. தலைப்பட்டைகள் மேசையில் படபடவென்று அடித்தன.

"மேடம்? பாஸ் ஆயிடுச்சா?"

மொத்த பாரத்தையும் கைமேல் போட்டாள்.

"ஆயிடுச்சுண்ணா. பாஸ்."

குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இழுப்பு மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. நின்றது.

அவள் கையை எடுக்கவில்லை. விரல்களைச் சுற்றி ரப்பர் மெல்ல உள்வாங்கிப் படிந்தது. முதலில் ஒரு மூக்கு. பிறகு ஒட்டிய கன்னங்கள். கடைசியாக, அவள் உள்ளங்கைக்கு அடியில், அகலத் திறந்த ஒரு வாய்.