துளை வாசலில் குளவி

குளவி அறையில் மூன்று நாளாகப் பூஞ்சை வாசம். நனைந்த சாக்கும் ஊசிப்போன சோறும் கலந்த அந்த வாசம் அங்கே வரவே கூடாது என்பது, கால்தாஸ் மலைச்சரிவில் இருந்த தன் வீட்டுக்கு எடில்மா போட்டிருந்த ஒரே சட்டம். காப்பிக் காயைக் குடைந்து தின்னும் வண்டுக்கு அந்த வீட்டில் இரண்டு எமன்கள் வளர்ந்தன. அவள் கணவன் லியோனிதாஸ் புட்டியில் அடைத்த சோற்றில் வெள்ளைப் பூஞ்சை வளர்த்தான். அவள் எள்ளளவுக் குளவிகளை வளர்த்தாள். வண்டு குடைந்த துளைக்குள் போய் அதன் புழுக்கள்மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை தாய்க்குளவி துளை வாசலில் தலையை நீட்டிக் காவல் நிற்கும். முதலில் தோட்டத்தில் பூஞ்சையைத் தெளித்து, பல நாள் கழித்துத்தான் குளவியை விடுவார்கள். முன்கூட்டியே இரண்டும் சந்தித்தால் பூஞ்சை குளவியையும் தின்றுவிடும். அதனால் புட்டியைத் தொட்டவன் குளித்து உடை மாற்றாமல் இந்தக் கதவைத் தொடக் கூடாது.

இரண்டு அறுவடை வண்டுக்கே போயிற்று. இதுவும் போனால் மரங்களைப் பிடுங்கிவிட்டு நிலத்தை விற்க வேண்டியதுதான். அவனைத் தவிர யார் மேல் சந்தேகம் விழும்? கேட்டபோது இருமிக்கொண்டே சிரித்தான்.

“சந்தேகப்படுறதுக்கு ஊர்ல பொம்பளையே இல்லையா? போயும் போயும் குளவியோடவா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக அவன் அரேப்பா என்னும் சோள ரொட்டியைத் தொடவில்லை. ஆனால் கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

மதியம் அவன் படுக்கப் போனதும், குளவி அறை வாசலில் காய்ந்த காப்பித் தோலைத் தூவினாள்; யார் மிதித்தாலும் நொறுங்கும். எதிரே மூட்டைமேல் உட்கார்ந்து கொட்டை பொறுக்குவதுபோல் பாவனை செய்தாள். மலையிலிருந்து மழை இருட்டிக்கொண்டு இறங்கித் தகரக் கூரையில் கொட்டியது; அந்தச் சத்தத்துக்குள் ஒரு காலடிச் சத்தத்தைத் தேடியபடி நெடுநேரம் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. தோல் கலையவில்லை.

உள்ளே போனாள். வாசம் இன்னும் கடுமையாகியிருந்தது. குளவிக்கு இரையாகத் தட்டில் வைத்திருந்த வண்டுக் காய் ஒன்றைப் பிளந்தாள். வண்டுப் புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன. குளவி இல்லை. எந்தத் தட்டிலும் இல்லை. இரையை விட்டுவிட்டுக் குளவி போகாது. அதைவிட நல்ல இரை கிடைத்தால் ஒழிய.

சுவரில் கறுப்பு நூல் நகர்ந்தது. நூலில்லை. குளவிகள்தான் வரிசையாகப் பலகை இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தன. வாசமும் அங்கிருந்துதான் வந்தது; பூஞ்சைக்கும் அவை அஞ்சவில்லை. அந்தப் பக்கம் படுக்கையறை.

ஓடினாள்.

லியோனிதாஸ் ஒருக்களித்துக் கிடந்தான். இருமல் நின்றிருந்தது. நகக்கண்களில் மாவுபோல் வெள்ளை. உதட்டோரத்திலும் வெள்ளை. குனிந்து பார்த்தாள்.

அவன் காதுக்குள் ஒரு குளவி. தலையை வெளியே நீட்டியபடி. தட்டிவிட விரலைக் கொண்டுபோனாள். அது அசையவில்லை.

பதினோரு வருஷமாகக் குளவி வளர்ப்பவள் அவள். காலித் துளைக்குத் தாய்க்குளவி காவல் நிற்காது.

கண்ணைத் திறக்காமலே அவன் பேசினான். மெதுவாக, அன்பாக.

“விரட்டிடாத, எடில்மா. உள்ள எல்லாம் இன்னும் சின்னதுங்க.”

அவன் கன்னத்துத் தோலுக்கடியில் ஏதோ நெளிந்தது.