கிழக்குப் பக்கத்துக் கசிவு

மூன்று நாளாகக் கிழக்கே சாய்ந்துகொண்டிருந்த இரும்புத் தொட்டி, அன்று பிற்பகல் தானாக நிமிர்ந்திருந்தது. இருதயநாதன் தூக்குக்குண்டை மறுபடியும் இறக்கிப் பார்த்தார். நூல் தகட்டோடு ஒட்டி நின்றது. இறங்கிய அஸ்திவாரம் மேலே ஏறாது. முப்பது வருடமாக மேஸ்திரியாக இருப்பவருக்கு அது தெரியாதா?

அறுபத்திரண்டாம் வருடப் பங்குனி. திண்டுக்கல் கிணறுகளெல்லாம் வற்றிக் கிடந்தன. தோல் பதனிடும் ஷாப்பின் இந்தத் தொட்டியில் மட்டும் இருபதாயிரம் கேலன் தண்ணீர். கிழக்குப் பக்கத்து அடித்தகட்டு மூட்டில் ஒழுகியதை ஒச்சம்மாள் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு காயிதம் எதும் போட்டாராண்ணே?"

"எஸ்டேட்டுல வேலை அதிகமா இருக்கும் தாயி. போடுவான்."

ஆறு மாதமாக இதே பொய். அவள் புருஷன் கருப்பணன் மலை எஸ்டேட்டுக்குப் போகவில்லை. தொட்டிக்கு அஸ்திவாரம் எடுத்தபோது, அடியில் தூர்ந்த கிணறு இருப்பது தெரிந்தும், இருதயநாதன்தான் அவனைத் திமிசால் மண்ணை இடித்து இறுக்கக் குழிக்குள் இறக்கினார். மண் சரிந்தது. 'மேஸ்திரி' என்று உள்ளிருந்து குரல் வந்தது. இரண்டு தடவை. தோண்டினால் கிணற்றை மறைத்தது முதலாளிக்குத் தெரிந்துவிடும். மற்ற ஆட்கள் அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவரே மணலைத் தள்ளி மூடினார்.

இப்போது தொட்டியைத் தாங்கும் கல்கட்டில் இரண்டு கல் நழுவிப் பொந்து விழுந்திருந்தது. ஆவாரம்பட்டை ஊறும் நாற்றத்தையும் சுண்ணாம்புக் காரலையும் தாண்டி அதிலிருந்து ஈரமண் வாடை வந்தது. கூடவே, பெரிய சுமையைத் தூக்கியவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சைப்போல ஒரு சத்தம் நின்று நின்று வந்தது. தண்ணீர் மண்ணை அரிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவர் குப்புறப் படுத்துத் தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தார்.

மணல் இல்லை. வெறும் இருட்டு. மெல்லக் கண் பழகியது.

இரண்டு கைகள்.

உள்ளங்கைகள் தகட்டைத் தாங்கியிருந்தன. ஊறி வெளுத்த தோல், முழங்கைவரை உரிந்து தொங்கியது. ஒச்சம்மாள் நிற்கும் பக்கத்துப் பாரம் முழுக்க அந்தக் கைகளின்மேல். நடுங்கின. விடவில்லை.

அவர் பின்னுக்கு நகர்ந்தார். மேல்கல் இறங்கித் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

வெளியே குடம் நிறைந்த சத்தம்.

"நான் வாரேண்ணே. பிள்ள தனியாக் கெடக்கு."

போகாதே தாயி என்று கத்த வாயைத் திறந்தார். மண் சரிந்து வாயை அடைத்தது. அவளுடைய காலடி விலகியது. ஷாப்பு வாசல். தெரு. பிறகு ஒன்றுமில்லை.

ஒரு கை மெதுவாகக் கீழே இறங்கியது. தகடு முனகியது.

இன்னொரு கையின் சுண்டுவிரல் தகட்டை விட்டு மடங்கியது. பிறகு, அதற்கடுத்த விரல்.