எழுத ஒரு மேசை

என் கட்டுரை சட்டைக் கையாகிவிட்டது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தோளில் இருந்த பை நழுவிக் காலில் விழுந்தது. வலிக்கக்கூட இல்லை.

அம்மா தையல்காரர். முதலில் பிரவுன் பேப்பரில் கை, காலர், முதுகு என்று மாதிரி வெட்டுவார். அதைத் துணிமேல் வைத்துத் துணியை வெட்டுவார். எங்கள் தெருவில் குப்பை வண்டி ஓட்டும் அக்காவைப் பற்றி நான் நான்கு நாள் எழுதியதும் பிரவுன் பேப்பரில்தான். நாளைக் காலை பள்ளிச் சுவரில் மாட்ட வேண்டியது. அழுக்காகிவிடுமே என்று அம்மாவின் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தேன்.

இப்போது அக்கா இடது கையில் இருந்தார். அவருடைய வண்டி காலரில் போய்க்கொண்டிருந்தது.

அம்மா கத்திரியைப் பிடித்தபடி நின்றார். "திருப்பிப் பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேனேடி" என்றார்.

இந்த வீட்டில் பொத்தானுக்கு டப்பா உண்டு. நூலுக்கு ஆணி உண்டு. இஸ்திரிப் பெட்டிக்குத் தனிப் பலகையே உண்டு. நான் எழுதத்தான் இடம் கிடையாது. சமையலறையில் உட்கார்ந்தால் எண்ணெய் தெறிக்கும். கட்டிலில் உட்கார்ந்தால் குண்டூசி குதிப்பான். குண்டூசி என் தம்பி. மாடிப்படியில் உட்கார்ந்தால், மேல்வீட்டுத் தபால்காரர் தாண்டிப் போகும்போதெல்லாம் என் கணக்கைத் திருத்துவார், அதுவும் தப்பாக.

இதையெல்லாம் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அம்மா இரண்டு துண்டுகளை எடுத்து விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பார்த்தார். வாயில் வேறு வார்த்தை வந்தது.

"தைச்சுடும்மா."

"பேப்பரையா?"

"தையலைப் பெருசா வை. நெருக்கி வெச்சா கிழியும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே மிஷினில் உட்கார்ந்தார்.

நான் துண்டுகளை வரிசையாக வைத்தேன். குண்டூசி மேசைக்கு அடியில் ஊர்ந்து மிச்சத் துண்டுகளைப் பொறுக்கினான். கட்டுரை முழுசாக வெளியே வந்தது, குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நூலோடு.

அதோடு விட்டால் அடுத்த கட்டுரை பாவாடையாகும். மேசைக்கு மேலே சுவருக்குச் சுவர் ஒரு கொடி கட்டினேன்.

"மாதிரி, வெட்டின துணி எல்லாம் இனிமே கொடியில. சாயங்காலம் நீ மிஷின்ல இருக்கறப்ப மேசை எனக்கு. அதுல கிடக்கற எதையும் வெட்டக் கூடாது."

அம்மா கொடியை இழுத்துப் பார்த்தார். "அறுந்து விழாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் டீச்சர் தையலைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாருடைய கட்டுரைக்கும் நடுவில் என்னுடையதை மாட்டினார்.

அன்று சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு முழங்கையையும் நன்றாக விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கை நிறையத் துணியோடு வந்தார். மேசையில் போடப் போனவர் சட்டென்று நின்றார்.

"ஒரு நிமிஷம் இங்க வெச்சுக்கட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா இந்த வீட்டில் யாரிடமும் அப்படிக் கேட்டதே இல்லை. 'சரி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"கொடியில போடும்மா."