மழைமறைவுத் தொகுதி

மலைக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு ஆள் வரவில்லை.

மலை வந்திருந்தது. மேளம் வந்திருந்தது. முள்ளிச்சீமைத் தொகுதியில் தோல்வியே அறியாத சட்டமன்ற உறுப்பினர் சோணைமுத்து, சரிகைத் துண்டோடு மேடையில் வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே போட்டிருந்த நாற்காலிகளில் பனி மட்டும் உட்கார்ந்திருந்தது.

“மைக்கை இன்னும் கொஞ்சம் கூட்டி வையிடா தனுஷ்கோடி,” என்றார் உதவியாளரிடம்.

“கூட்டியாச்சுண்ணே. நீங்க பேசுறது மலையில மோதி நமக்கேதான் திரும்பி வருது.”

சென்ற தேர்தலின்போது இங்கே ஒரு மேடுகூடக் கிடையாது. முள்ளிச்சீமை சுடாத அப்பளம் மாதிரி தட்டை. கிழக்கே கடலில் கிளம்பும் மேகங்கள் இங்கே தடுப்பாரின்றித் தலைக்கு மேலேயே கடந்து, மேற்கே சற்று மேடான அடுத்த தொகுதி பொன்வயலில் போய்க் கொட்டின. முள்ளிச்சீமைக்குக் கிடைத்தது சோணைமுத்துவின் தண்ணீர் லாரிதான். லாரி எங்கே நிற்குமோ அங்கேதான் பொதுக்கூட்டம். முதலில் பேச்சு, பிறகு குழாய். விடியும் முன்பே குடங்கள் வரிசையில் வந்து நிற்கும். பேச்சு முடியும்போது எழும் கைதட்டலில் சோணைமுத்துவுக்குக் கண் கலங்கிவிடும். ‘என் தமிழுக்கு இவ்வளவு சக்தியா!’

அந்தச் சக்தி தந்த தைரியத்தில்தான் நிலவார்ப்பியைக் கொண்டு வந்தார். கடலடிச் சேற்றை உறிஞ்சி, சுட்டு, பாளம் பாளமாக அடுக்கி, கேட்ட இடத்தில் கேட்ட உயரத்துக்கு மலை எழுப்பும் இயந்திரம் அது. இடம் பிடிக்கவில்லையென்றால் பாளங்களைக் கழற்றி வேறிடத்தில் அடுக்கலாம். தொகுதியின் மேற்கு எல்லையில் மலை எழுந்தால் மேகம் அதில் முட்டி முள்ளிச்சீமையிலேயே பெய்துவிடும்.

வார்ப்புப் பொறியாளர் ரெஜினா அறிமுக விழா மேடையிலேயே கேட்டார். “மலை வந்தா மழை மட்டும் மாறாது சார். அதுல குடியிருக்கிற ஆளுங்களும் மாறுவாங்க. நிலம் மாறினா மனசு எப்படி மாறும்னு எங்க மனநிலக்கணிப்பான் மிஷின் சொல்லும். ஓட்டிப் பார்த்துடலாமா?”

“எம் மக்களப் பத்தி எனக்கு மிஷின் சொல்லணுமாம்மா?” என்று சிரித்தார் சோணைமுத்து. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மிஷின் மூடிய பெட்டியிலேயே இருந்தது.

மலை எழுந்தது. மழை பெய்தது. மக்கள் சரிவெங்கும் வரப்பு வெட்டி, ஊற்றுகளுக்குக் கால்வாய் கீறி, மலையைத் தங்களுக்கு ஏற்றபடி செதுக்கினார்கள். மலையும் சும்மா இருக்கவில்லை; அது மக்களைச் செதுக்கியது. தட்டை நிலத்தில் வருகிற ஆளைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம். அவர் வந்து சேர்வதற்குள் யார், எவர், எதற்கு வருகிறார் என்று பேசி முடித்து டீயும் போட்டுவிடுவார்கள். இப்போது ஆள் வளைவில் திடீரென்று முளைத்தார். ஆகவே கதவுகள் முதலில் சாத்திக்கொண்டன, அப்புறம் விசாரித்தன. ஏறும்போது மூச்சு வேண்டும் என்பதால் பேச்சு சுருங்கியது. ஒரு சரிவுக்காரர்களுக்கு அடுத்த சரிவுக்காரர்கள் அசலூரார் ஆனார்கள். ஆளுக்கொரு ஊற்று இருந்ததால் யாருக்கும் யாரும் வேண்டியிருக்கவில்லை.

தேர்தலோ அடுத்த மாதம்.

ஆளில்லாத மேடையை விட்டு இறங்கிய சோணைமுத்து, மூச்சிரைக்கச் சரிவேறி ஒரு கதவைத் தட்டினார். பஞ்சவர்ணத்தின் வீடு. பழைய கூட்டங்களில் லாரிக்கும் அவருக்கும் முதல் மாலை போடும் பெண்மணி.

“யாரு?” என்றது சாத்திய கதவு.

“உங்க சோணைமுத்து அண்ணன்மா!”

ஒரு கண் அளவுக்குக் கதவு திறந்தது. “என்ன வேணும்?”

“ஓட்டுத்தாம்மா. முந்தி மணிக்கணக்கா நின்னு என் பேச்சைக் கேப்பியேம்மா!”

“குடம் நெறையணும்ல, நின்னோம்.”

“கைதட்டுவீங்களே!”

“பேச்சு முடிஞ்சாத்தானே குழாயத் தெறப்பீக? தட்டுனா சீக்கிரம் முடிப்பீகன்னு தட்டுனோம்.” பஞ்சவர்ணம் அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரங்கினார். “ஏறி வந்துருக்கீக. தண்ணி குடிக்கிறீகளாண்ணே? எங்க ஊத்துத் தண்ணி.”

சோணைமுத்து குடித்தார். இனித்தது. இவ்வளவு கசப்பான தண்ணீரை அவர் வாழ்நாளில் குடித்ததில்லை.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அடிவாரத்தில் தனுஷ்கோடி ஆரம்பித்தான்.

“அண்ணே, லாரியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?”

“பொன்வயல் எப்படிடா இருக்கு?”

“அதை ஏண்ணே கேக்குறீங்க! மேகம் பூரா நம்ம மலையோட நின்னு போச்சு. மலைக்கு அந்தாண்ட சொட்டு இல்ல. மழைமறைவுன்னு ரெஜினாம்மா சொல்றாங்க. வயக்காடு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு.”

சோணைமுத்து நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“லாரியத் தொடைச்சு வையி. நாம பொன்வயல்ல நிக்கிறோம்.”

ஒரு காலத்தில் பொன்வயல்காரர்கள் கரைபுரளும் வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டு, அரசியல்வாதி யார் வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் கரும்பு கடித்தவர்கள். இன்று லாரியின் ஹாரன் கேட்டதும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தார்கள். மரம் பட்டுப்போன வெளியில் லாரியை எங்கிருந்தும் பார்க்க முடிந்தது. குடங்கள் வரிசைக்கு வந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பெண் லாரிக்கு மாலை போட்டாள்.

சோணைமுத்து ஏறி நின்று தொண்டையைச் செருமினார். “உங்கள் வறட்சிக்குக் காரணமான அந்த மலையை, பாளம் பாளமாகக் கழற்றுவேன்! உங்கள் மேற்கு எல்லையில் கொண்டுவந்து அடுக்குவேன்!”

கைதட்டல் வானைப் பிளந்தது.

தனுஷ்கோடி காதருகே குனிந்தான். “அண்ணே, மலையக் கழட்டுனா முள்ளிச்சீமை மறுபடி காஞ்சுருமே?”

“காயும்.”

“இங்க மழை பேஞ்சுட்டா இவங்களும் கதவைச் சாத்திருவாங்களே?”

“சாத்துவாங்க. அதுக்குள்ள அங்க தொறந்துருவாங்க.” சோணைமுத்து கூட்டத்தைக் கனிவோடு பார்த்தார். எல்லாக் கண்களும் அவருக்கு ஒரு முழம் கீழே, குழாயில் இருந்தன. முன்பெல்லாம் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

“ரெண்டு ஊருக்கும் ஒரு மலை போதும்டா,” என்றார் மெல்ல. பிறகு மைக்கை நெருங்கினார். கைதட்டல் இன்னும் உரத்தது.

அவர் அவசரப்படவில்லை. தலைவர்கள், அவைத்தலைவர்கள், வட்டச் செயலாளர்கள் என்று பெயர் பெயராக வணக்கம் சொல்லத் தொடங்கினார்.